பினாங்கு ரேம்ப்ல சோக் போட பெர்மிட் எடுக்கறதுக்குள்ள

விமானச் சக்கரம் உருளாம இருக்க வைக்கற கட்டைதான் சோக், அத போடறதுக்கான பெர்மிட் ஒருவழியா கைக்கு வந்திருச்சு. பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்ல ரேம்ப், அதாவது விமானம் நிக்கற தளத்துல, வேலைக்குச் சேரப் போற தம்பிங்க எப்படிண்ணே எடுத்தீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, தனித்தனியா பதில் சொல்ல முடியல, அதான் இங்க. கிளாஸ், போட்டோ, மெடிக்கல் எல்லாம் தானா ஓடிடும். உசுர வாங்கறது ஏர்போர்ட் பாஸ் கவுண்டரும் பிராக்டிகலும்தான்.

கம்பெனி சூராட் (லெட்டர்), ஐசி (அடையாள அட்டை) காப்பி, ஃபார்ம் எல்லாத்தையும் ஃபைல்ல போட்டு பசியாறாம கூட காலங்காத்தால போய் நம்பர் எடுத்து உக்காந்தேன். மத்தியான சாப்பாட்டுக்குக் கடைய சாத்தற நேரத்துல கூப்பிட்டாங்க. கவுண்டர்ல இருந்த அம்மா சூராட்ட திருப்பிப் பாத்துட்டு, ரெண்டாவது பக்கத்துல கம்பெனி சாப் (முத்திரை) இல்ல, தக் போலே, முடியாதுன்னுட்டாங்க. அவ்ளோதான், அடுத்த நம்பர். மொத பக்கத்துல சாப் பளிச்சுன்னு இருக்கு, கையெழுத்து இருக்கு, ரெண்டாவது பக்கத்துல இருக்கறதே மூனு வரிதான். சாப் வச்சிருக்கற எச்ஆர் ஆளு அன்னைக்குன்னு பாத்து லீவு. அப்புறம் சாப்போட போனா, ஐசி முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாள்ல இருக்கணுமாம். அத மொத தடவையே சொன்னா வாய் வலிக்குமா? அதனால எல்லா பக்கத்துலயும் சாப் அடிச்சுட்டு, காப்பி ரெண்டு செட்டா எடுத்துட்டுப் போங்க. கார்டு கையில வந்ததும் பேர்ல ஏ/எல் (இன்னாரோட மகன்ங்கறது) இருக்கான்னு அங்கயே நின்னு பாத்துருங்க, வெளிய வந்துட்டா அதுக்கு வேற ஃபார்ம்.

பிராக்டிகலுக்கு தேதி கிடைச்சது, அன்னைக்குன்னு விடியறதுக்கு முன்னாடியே சுமத்ரா காத்து அடிச்சு ஊத்து ஊத்துன்னு ஊத்துது. மின்னல் எச்சரிக்கை வந்தா ரேம்ப்ல ஒருத்தரும் நிக்கக் கூடாது, எக்சாமினர் கிளம்பிட்டாரு, தேதி போச்சு. ஆனா நாங்க ஒதுங்கி உக்காந்திருந்த ரூம்ல மழை விடறவரைக்கும் எங்க சூப்பர்வைசர் அண்ணன் சொன்னதுதான் என்னைக் காப்பாத்துச்சு. நான் சும்மா கேட்டேன், பார்க்கிங் பிரேக் இருக்கே, இந்த ரப்பர் கட்ட எதுக்குண்ணேன்னு. டேய், பிரேக் பிடிக்கறதே ஹைட்ராலிக் பிரஷர்லடா, என்ஜின் நின்னு பம்ப் நின்னாச்சுன்னா அப்புறம் அக்யுமுலேட்டர்ங்கற சேமிப்புக் கலத்துல தேங்கி இருக்கற பிரஷர் மட்டும்தான், ஏ320 விமானத்துல குறைஞ்சது 12 மணி நேரம் தாங்கணும்னு கணக்கு, ஆனா எங்கயாவது கசிஞ்சா யாரு பொறுப்புன்னாரு. அதோட இன்னொன்னு. இறங்கி வந்த விமானத்துல பிரேக் கொதிச்சுக் கிடக்கும், சோக் போட்டாச்சுன்னு நாம சிக்னல் காட்டினதும் ஆறட்டும்னு கேப்டன் பிரேக்க விட்டுருவாரு. அந்த நேரத்துல கிட்டத்தட்ட 60 டன் நிக்கறது உங்க கட்டைய நம்பித்தான். 2007 நவம்பர்ல துலூஸ்ல ஒரு புது ஏ340-600 விமானம், டெலிவரிக்கு முன்னாடி என்ஜின் டெஸ்ட், பார்க்கிங் பிரேக் போட்டுத்தான் இருந்துச்சு, சோக் போடல. நாலு என்ஜினையும் ஏத்துனதுல நகர்ந்து போய் தடுப்புச் சுவர்ல ஏறி மூக்கு ஒடைஞ்சு போச்சு. போட்டோ தேடிப் பாருங்க, மறக்கவே மறக்காது.

அப்புறம் வேற தேதியில நடந்த எக்சாம்ல அந்த எக்சாமினர் என்சிக் (சார்) எப்படி போடறதுன்னு கேக்கவே இல்ல, எப்போ போகக் கூடாதுன்னுதான் கேட்டாரு. வயித்துக்கு அடியில செவப்பு விளக்கு சுத்திக்கிட்டு இருக்கறவரைக்கும் கிட்ட போகாதீங்க. அது அணைஞ்சு, என்ஜின் சுத்து அடங்கினப்புறம் மொதல்ல மூக்குச் சக்கரம், முன்னாலயும் பின்னாலயும், அப்புறம் மெயின் வீல். பிரேக் சூடா இருந்தா பக்கவாட்டுல போகவே கூடாது, வெடிச்சா சக்கரத் துண்டு அந்தப் பக்கம்தான் பறக்கும், முன்னாலயோ பின்னாலயோதான் போகணும். கட்டைய உதைச்சு இறுக்கவும் வேணாம். சாமான் ஏத்தி எண்ணெய் ரொப்பினா டயர் அமுங்கி கட்ட மேல ஏறிக்கும், அப்புறம் விமானத்த பின்னால தள்ளற புஷ்பேக் நேரத்துல இழுத்தாலும் வராது. எங்க மேனுவல்ல மூக்குச் சக்கரத்துக்குத் தொட்டும் தொடாம, மெயின் வீலுக்கு கொஞ்சம் இடைவெளி. ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும், உங்க மேனுவல பாத்துக்குங்க.

அப்புறம் போய் சோக் எடுத்துட்டு வான்னாரு. ஸ்டாண்ட்ல இருந்த ஜோடியில ஒன்னு அடிப்பக்கம் பூரா எண்ணெய், ஓரத்துல விரல் நுழையற அளவுக்கு வெடிப்பு, கயிறும் நாரு நாரா. ஈரத் தரையில அத வச்சா வழுக்கிட்டுப் போயிரும். இது வேணாம் என்சிக், வேற தாங்கன்னேன். அந்தாளு அப்பதான் மொதல் தடவையா சிரிச்சாரு. வேணும்னே வச்சிருக்காரு! எனக்கு முன்னாடி போன பையன் அதையே எடுத்துப் போட்டுட்டான் போல, மூஞ்ச தொங்கப்போட்டுக்கிட்டு வெளிய உக்காந்திருந்தான்.

இன்னொன்னு, ஏடிஆர்ங்கற புரொப்பெல்லர் விமானத்தப் பத்தின கேள்வி எல்லாருக்கும் விழுது. அதுல ஏபியு, அதாவது தரையில நிக்கறப்ப கரண்டு தர்ற குட்டி என்ஜின், கிடையாது, கரண்டுக்காக வலது பக்க என்ஜின ஓட விட்டுட்டு புரொப்பெல்லர மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வச்சிருப்பாங்க. காத்தாடி சுத்தல, அதனால என்ஜின் ஆஃப்னு சொன்னீங்கன்னா பேப்பர மூடிடுவாரு.