ஒரே வெட்டு, இரண்டு நாற்காலி

வட சென்னைப் பையன்களின் தலையில் என்ன மாறுகிறது என்பது சினிமாக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்பே சலூன்காரனுக்குத் தெரிந்துவிடும். தண்டையார்பேட்டையில் அப்பா போட்ட கடையை இப்போது நான் நடத்துகிறேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து கூட்டம். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இளவட்டங்கள்தான். காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவர்கள், டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், ப்ளஸ் டூ பையன்கள். இவர்கள் எல்லோரையும் 'புள்ளிங்கோ' என்ற ஒரே பெயரில் ஊர் அடைத்துவிட்டது. சாயம் பூசிய முடி, ஒட்டிப்பிடித்த பேண்ட், ஒரு பைக்கில் மூன்று பேர்: இவ்வளவுதான் அந்தப் பெயருக்குள் ஊர் பார்ப்பது. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி போர்த்திய பிறகு அவர்கள் பேசுவதை நான் கேட்கிறேன். அதனால் எனக்குத் தெரிவது கொஞ்சம் வேறு.

அப்பா கிராமத்தில் வீடு வீடாகப் போய் முடிவெட்டியவர். திண்ணையில்கூட உட்காரவிடாமல், மாட்டுத் தொழுவத்துப் பக்கம் நின்று வெட்ட வைத்தார்கள். சென்னைக்கு வந்து ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்ட பிறகுதான் வாடிக்கையாளர் அவரைத் தேடி வந்தார். காலையில் தினத்தந்தி வரும், பெஞ்சில் அரசியல் நடக்கும். அவர் காலத்துப் பையன்களின் தொல்லை 'ஹிப்பி' முடி. காதை மூடி, காலரைத் தொட்டு நிற்கும். வீட்டில் அடி விழும், பள்ளியில் பிரம்பு விழும். இது நம் ஊரோடு நிற்கவில்லை. சிங்கப்பூரில் 1970-களில் நீள முடி வைத்த ஆண்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியாகத்தான் வேலை நடக்கும் என்று போஸ்டரே ஒட்டினார்கள். முடி புருவத்தைத் தொடுகிறதா, காதை மறைக்கிறதா, காலருக்குக் கீழே இறங்குகிறதா என்று படம் போட்டுக் காட்டினார்கள். 1972-இல் லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் கச்சேரியே நீள முடியால் அங்கே நடக்கவில்லை. அந்த முடியைத்தான் சில வருடங்களில் நம் சினிமாக் கதாநாயகர்கள் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை.

நான் கத்தரிக்கோல் பிடித்த காலத்தில் பார்த்ததும் இதே கதைதான். 2002 உலகக் கோப்பையில் பிரேசிலின் ரொனால்டோ முழுத்தலையையும் மழித்து, நெற்றிக்கு மேல் மட்டும் ஒரு முக்கோணம் விட்டார். வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து கால்பந்து ஆடும் பையன்கள் அடுத்த வாரமே அதைக் கேட்டு வந்தார்கள். பிறகு தோனி. ராஞ்சியிலிருந்து வந்த ஒரு பையன் தோளைத் தொடும் முடியோடு சிக்ஸர் அடித்தபோது, 2006-இல் லாகூரில் பாகிஸ்தான் அதிபர் முஷாரப்பே அந்த முடியை வெட்டாதே என்றார். எங்கள் தெருப் பையன் அதே முடியை வளர்த்தபோது அவனை யாரும் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. 2018 கால்பந்து உலகக் கோப்பைக்கு பிரேசிலின் நெய்மர் நூடுல்ஸ் போல மஞ்சள் முடியோடு ரஷ்யாவில் இறங்கியதும் ப்ளீச்சுக்குக் கூட்டம் வந்தது.

ப்ளீச் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கறுப்பு முடி ஒரேயடியாக மஞ்சளாகாது. பவுடரைப் பெராக்சைடில் குழைத்துப் பூசினால் முதலில் செங்கல் நிறம் வரும், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில்தான் மஞ்சள். பெராக்சைடின் வீரியத்தை வால்யூமில் சொல்வோம்: 20 வால்யூம் என்றால் பெராக்சைடு 6 சதவீதம், 40 வால்யூம் என்றால் 12. நாற்பது தோலில் பட்டால் நெருப்பு வைத்தது போல எரியும். அதனால் வேரிலிருந்து ஒரு விரற்கடை விட்டுத்தான் பூசுவேன். மஞ்சள் வரைக்கும் போக இரண்டு முறை ப்ளீச் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். தெருவில் நீங்கள் பார்க்கும் செம்பட்டைத் தலைகளில் பாதி, கையிலிருந்த காசு ஆரஞ்சிலேயே தீர்ந்துபோன தலைகள். மீதிப் பாதி, கடைக்கு வரக் காசில்லாமல் வீட்டில் தாங்களே பூசிக்கொண்டவை. அசிங்கம் என்று சொல்கிறவர்களுக்கு இது தெரியாது. ஒரு பையன் மூன்று வாரம் கூடை தூக்கிச் சேர்த்த காசை என் மேஜையில் எண்ணி வைத்துவிட்டு, கண்ணாடியில் தன்னை இப்படியும் அப்படியும் பார்ப்பதை அவர்கள் பார்த்ததில்லை.

இடையில் சில வருடங்கள், கடை வருமானம் போதாமல், வார நாட்களில் நுங்கம்பாக்கத்தில் ஒரு ஏ.சி. சலூனில் வேலை பார்த்தேன். அங்கே வந்தவர்கள் ஐ.டி. கம்பெனிக்காரர்கள், விளம்பர ஏஜென்சிக்காரர்கள், கல்யாண மாப்பிள்ளைகள். அவர்கள் கேட்டதும் ஃபேட்தான். காதுக்கு மேல் ஜீரோவில் தொடங்கி, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று மெஷின் நம்பரை ஏற்றி (நம்பர் ஏற ஏற முடி நீளமாக நிற்கும்), எங்கேயும் கோடு தெரியாமல் கரைத்துவிட்டு, மேலே மட்டும் அடர்த்தியாக விடுவது. தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை வெட்டிய அதே வெட்டை, அதே கையால், புதன்கிழமை நுங்கம்பாக்கத்தில் வெட்டினேன். இங்கே கொடுப்பதைப் போல நாலு மடங்கு அங்கே பில். காசு வித்தியாசம் எனக்கு வருத்தமில்லை, ஏ.சி.க்கும் வாடகைக்கும் ஆகும் செலவு எனக்குத் தெரியும். வருத்தம் வேறு. நுங்கம்பாக்கத்துக்காரருக்கு ஆபீஸில் பாராட்டு கிடைக்கும். எங்கள் பையனை அன்று ராத்திரியே வாகனச் சோதனையில் நிறுத்தி, முடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த வெட்டே அமெரிக்காவில் ராணுவத்தில் வளர்ந்து, கறுப்பின மக்களின் தெருச் சலூன்களில் மெருகேறி, 1980-களில் ஹிப் ஹாப் பாட்டோடு உலகம் சுற்றியது. அங்கேயும் அதை முதலில் அழகாக்கியவர்கள் போலீஸ் நிறுத்திச் சோதித்த பையன்கள்தான்.

கானாவுக்கும் இதுதான் நடந்தது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டு அது. அதைக் குடிகாரன் பாட்டு என்றவர்களே 90-களில் தேவா இசையில் வந்தபோது தியேட்டரில் எழுந்து ஆடினார்கள். 2012-இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா பாடிய பிறகு கல்லூரி விழாக்களில் கானா இல்லாமல் மேடை இல்லை. ஆனால் பாடியவனின் தெரு அப்படியே 'ஏரியா' என்ற கெட்ட பெயரோடுதான் இருந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு மேடையேறியது எனக்கு முக்கியமான நாள். பாட்டு மட்டும் மேடைக்குப் போகாமல், எந்தத் தெருவிலிருந்து வந்தோம் என்பதையும் அவர்கள் உரக்கச் சொன்னார்கள். அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020-இல் பிபிசி நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தபோது கடையில் அன்று வந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

முடிக்கு அப்படி ஒரு மேடை இல்லை. ஒரு திங்கட்கிழமை மதியம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டிவந்தார். காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, ஆசிரியர் ஒருவர் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டியிருந்தார். இடது காதுக்கு மேல் மூன்று விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. "எப்படியாவது சரி பண்ணிடுண்ணா, ஸ்கூலுக்கே போகமாட்டேன்றான்" என்றார் அந்த அம்மா. அதைச் சரி பண்ண வழியில்லை. முழுத்தலையையும் ஒன்றாம் நம்பருக்கு இறக்கினால்தான் அந்தத் திட்டு மறையும். "ஒண்ணாம் நம்பர் போட்டுடவா தம்பி?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். மெஷின் ஓடி முடிக்கும்வரை அவன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. ஒழுக்கம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, என் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறவர்கள்தான். ஆனால் அடுத்தவன் தலையில் அவன் சம்மதமில்லாமல் கத்தரி வைப்பது தண்டனைகூட இல்லை, அவமானப்படுத்துவது. தலைமுறையாகத் தலையைத் தொட்டுப் பிழைக்கும் எங்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பிறகு பக்கத்துப் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை கடைக்கு வந்தார். பாக்ஸ் கட்டிங், ஒன் சைடு, ஸ்பைக் எதுவும் மாணவர்களுக்கு வெட்டாதீர்கள் என்று ஒரு தாள் கொடுத்தார். நல்ல மனுஷி, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து பேசினார். "டீச்சர், நான் மாட்டேன்னா அடுத்த தெருக் கடையில வெட்டிக்குவாங்க. நீங்க கத்தரிக்கோல் மட்டும் எடுக்காதீங்க, முடி அதிகமா இருந்தா என்கிட்ட அனுப்புங்க" என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார், இன்றுவரை பேச்சு மாறவில்லை.

இப்போது பள்ளிப் பையன்களுக்கு நான் வெட்டுவது இப்படி: பக்கவாட்டில் ஜீரோ வேண்டாம், மூன்றாம் நம்பர். மேலே இரண்டரை அங்குலம் விட்டு, முன்பக்கம் கொஞ்சம் கூடுதல். திங்கட்கிழமை எண்ணெய் வைத்துப் பக்கமாக வாரினால் எந்த வாத்தியாரும் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் வேக்ஸ் தடவித் தூக்கினால் அவனுக்குப் பிடித்த ஸ்பைக். கலர் கேட்டால் முழுப் பரீட்சை முடிகிற அன்றைக்கு வா என்கிறேன். மே மாதம் முழுக்க ஆரஞ்சும் மஞ்சளுமாகத் திரிவார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சாயம் அடிக்க வரிசையில் நிற்பார்கள், அதற்குப் பாதிக் காசுதான் வாங்குகிறேன்.