குறுக்குத்துறை வெள்ளத்துக்கு ஒரு நிறம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை எங்கள் வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை. திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. பெருவெள்ளம் வந்தால் கோயில் முங்கிவிடும். அதற்கு முன்பே உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வந்து மோதும் பக்கத்தைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருப்பதால் வெள்ளம் அங்கே இரண்டாகப் பிரிந்து போகும். அந்த ஒரு இடத்தை மட்டும் துணியில் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நாலு மாதமாக அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

சுவரில் மாட்டுகிற சின்ன கில்ட் இது. 12 அங்குல அகலம், 16 அங்குல உயரம். மேலே படம், நடுவில் பழைய பருத்திப் போர்வையில் வெட்டிய ஒரு துண்டு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துக் கையாலேயே தைக்கிறேன். நிறம் எல்லாம் வீட்டில் காய்ச்சியது.

துணிக்குத் தாத்தாவின் வேட்டிகளை எடுத்தேன். புதுத் துணியென்றால் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரமாவது கொதிக்கவைக்க வேண்டும். எத்தனையோ வருடம் துவைத்த வேட்டிக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை, சாயத்தை அப்படியே குடிக்கும். சாயத்தைத் துணியில் பிடித்துவைப்பது படிகாரம், ஆனால் பருத்தியில் அது தானாக ஒட்டாது. முதலில் கடுக்காயின் துவர்ப்பு ஏற வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் படிகாரம் நிற்கும். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடி, ராத்திரி முழுக்க ஊறல். காலையில் அலசாமல் பிழிந்து நிழலில் காயவைத்து, அப்புறம் 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் போட வேண்டும். நான் செய்கிற கணக்கு இதுதான்.

தண்ணீர் விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் தடவை போர் தண்ணீரில்தான் கடுக்காய் ஊறப்போட்டேன். இளமஞ்சளாக வர வேண்டிய துணி சாம்பல் பூசியதுபோல வந்தது. எங்கள் போர் குழாய் பழசு, இரும்பு. வாளியில் துருக்கறை படிந்திருப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஆனால் யோசிக்கவில்லை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. மறுபடி ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடித்து ஊறவைத்தேன், வெண்ணெய் நிறத்தில் தெளிவாக வந்தது. இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வேட்டி என்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்தச் சாம்பல் துண்டை வீசவில்லை. கோயில் கல்லுக்கு அதைவிட நல்ல நிறம் எங்கே போய்த் தேடுவது?

கல்லின் விளிம்புக் கோடுகளுக்கு நல்ல கறுப்பு வேண்டும். துணியில் கையால் படம் வரைகிற கலம்காரிக்காரர்கள் செய்வதுபோலத் துருப்பிடித்த ஆணி, லாடத்துண்டு எல்லாம் மண்பானையில் போட்டு, உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி மொட்டைமாடி மூலையில் வைத்தேன். மூன்று வாரம். நுரை எழும்பி, புளித்த வாடை வந்து, அப்புறம் அடங்கியது. வடிகட்டிய தண்ணீர் வெளிறிய பழுப்பாகத்தான் இருக்கும். கடுக்காய் ஏற்றிய துணியில் மூங்கில் குச்சியால் அதைத் தொட்டு ஒரு கோடு இழுத்தேன். இழுக்கும்போது ஈரக்கோடு, அவ்வளவுதான். மூச்சு விட்டுவிட்டுப் பார்ப்பதற்குள் கருநீலச் சாயல் ஏறி, கறுத்து நின்றது. அன்றைக்கு வேறு வேலை எதுவும் செய்யவில்லை, கோடு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

நீலத்தில்தான் ஒரு வாரம் போனது. நாட்டு மருந்துக் கடையில் ‘அவுரி இலை’ என்று கேட்டு வாங்கிவந்து ஊறவைத்துக் காய்ச்சிப் பார்த்தேன். பழுப்புக் கஷாயம்தான் வந்தது, நீலம் வரவே இல்லை. நம் பக்கத்தில் அவுரி என்றால் நிலாவரையையும் சொல்வார்கள். பேதிக்குக் கொடுக்கிற அந்த இலைதான் திருநெல்வேலி பெயரிலேயே வெளிநாடுகளுக்குப் போகிறது. சாயத்துக்கு வேண்டியது நீல அவுரி. சாயம் காய்ச்சுகிறவர்கள் அதன் இலையை ஊறவைத்து எடுத்துக் கட்டியாக்கிய நீலத்தை வாங்குவதே நல்லது. நீலக்கட்டி 10 கிராம், சுண்ணாம்பு 20 கிராம், கறுத்துக் கனிந்த வாழைப்பழங்களைக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீர். நீலம் தண்ணீரில் கரையாது; சுண்ணாம்பின் காரத்தில் பழச் சர்க்கரை அதைக் கரையும்படி மாற்றுகிறது. கை பொறுக்கிற சூட்டில் வைத்திருந்தேன். மறுநாள் மேலே செம்பு நிறத்தில் ஒரு ஏடு, அதை ஒதுக்கினால் உள்ளே மஞ்சள் கலந்த பச்சை. துணி பச்சையாக வெளியே வந்து, காற்று பட்ட இடமெல்லாம் நீலமாக மாறியது. மடிப்புக்குள் மட்டும் பச்சை மிச்சமிருந்து, அதுவும் கண் முன்னாலேயே போய்விட்டது. சாம்பல் துணியை ஒரே ஒரு முக்கு முக்கியதில் அந்த டிசம்பர் வானம் கிடைத்தது. கடுக்காய் மஞ்சளை இரண்டு முக்கு முக்கியது கரையிலுள்ள மருத மரங்களுக்கு.

வெள்ளத்தின் நிறம்தான் கடைசிவரை வரவில்லை. முதலில் சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணைக் கொண்டுவந்து மெல்லிய துணியில் சலித்து, சோயாப் பாலில் குழைத்துத் தூரிகையால் பூசினேன். சோயாப் பால்தான் மண்ணைத் துணியில் பிடித்துவைக்கும் பசை. அழகான சிவப்பு வந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

“ஏட்டி, இது தேரி மண்ணுல்லா. ஆத்துத் தண்ணி இப்படியா வந்துச்சு?”

“செம்மண் கலங்கல்தானம்மா?”

“92லயும் பாத்தேன், இப்பவும் பாத்தேன். பால் கொஞ்சமா ஊத்துன கருப்பட்டிக் காப்பி இருக்கும்லா, அந்த நெறம்.”

அம்மா சொன்னது சரி. சிவப்பில் இருட்டு கலக்க வேண்டும். படிகாரத் துணியை மஞ்சிட்டி வேரில் போட்டேன். மஞ்சிட்டியைக் கொதிக்கவிடக் கூடாது, ஆவி பறக்கிற அளவிலேயே வைத்திருந்தால்தான் சிவப்பு, கொதித்தால் பழுப்பேறும். எனக்குச் சிவப்பும் வேண்டும், பழுப்பும் வேண்டும் என்பதால் கடைசிப் பத்து நிமிடம் அடுப்பைக் கூட்டினேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் ஆணித் தண்ணீர் இரண்டு கரண்டி விட்டு, துணியை முக்கி உடனே எடுத்தேன். நிறம் உடனே மங்கியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கறுத்திருக்கும். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ம், இதுதான்” என்றாள். அந்த ‘ம்’முக்காக ஏழு துண்டு வேட்டி போனது, எனக்கு வருத்தமில்லை.

படித்துறைக்குப் பத்தமடைப் பாயில் அறுந்துபோன ஓரத்தை வெட்டி வைத்திருக்கிறேன். காய்ந்த கோரை ஊசி பட்டால் கீறிவிடும். ஈரத்துணியில் அரை மணி சுற்றிவைத்து, கோரையைக் குத்தாமல் இரண்டு கோரைக்கு நடுவில் பாவு நூலை ஒட்டி ஊசியை இறக்க வேண்டும். மூன்று படி, கீழ்ப்படியை வெள்ளத் துணி பாதி மூடும்படி விட்டேன்.

மூன்று அடுக்கையும் பெரிய பெரிய தையலாக நூலோட்டிப் பிடித்தபின், கோயில் முனையிலிருந்து நீர்க்கோடுகளைத் தைக்க ஆரம்பித்தேன். அங்குலத்துக்கு ஆறு ஏழு தையல். நூலும் அதே சாயத்தில் முக்கியதுதான். முனைக்குப் பக்கத்தில் கோடுகள் நெருக்கமாக வளைந்து, விலக விலக இடைவெளி கூடுகிறது. நெருக்கித் தைத்த இடத்தில் துணி இறுகி, இடைவெளி விட்ட இடத்தில் உப்பி நிற்கிறது. சாயந்தர வெளிச்சம் சாய்வாக விழும்போது நிஜமாகவே தண்ணீர் திரண்டு வருகிற மாதிரி இருக்கிறது. தைக்கத் தைக்க உயரம் அரை அங்குலம் குறைந்துவிட்டது. அடுத்ததற்கு முதலிலேயே பெரிதாக வெட்ட வேண்டும்.

வானத்தின் ஓரத்தில் மஞ்சள்பொடிச் சாயத்தில் ஒரு கீற்று வைக்க நினைத்து, சோதனைத் துண்டை ஜன்னலில் பாதி மறைத்துக் கட்டியிருந்தேன். பத்து நாளில் வெயில் பட்ட பாதி வெளுத்துவிட்டது. அதனால் மாதுளைத் தோலில் முக்கிய துண்டைத்தான் வைக்கப்போகிறேன்.

இனி ஓரம் கட்ட வேண்டும், பின்னால் குச்சி நுழைய ஒரு பட்டை தைக்க வேண்டும். அடித்துணியாக வைத்த வேட்டி மூலையில் தாத்தாவின் சலவைக் குறி இருக்கிறது, சேங்கொட்டைப் பாலில் போட்ட இரண்டு புள்ளியும் ஒரு கோடும். ஆணித் தண்ணீர், நீலம் எதிலும் அது மறையவில்லை. ஓரம் மடிக்கும்போது அது உள்ளே போய்விடாமல் அரை அங்குலம் தள்ளிக் குறித்து வைத்திருக்கிறேன்.