குளிசையை நிப்பாட்டின அந்த நாலு நாள்

எனக்கு இடது இடுப்புக்குள்ள ஒரு இரும்புத்துண்டு கிடக்கு. எக்ஸ்ரேல பாத்தா புளியங்கொட்டை அளவில வெள்ளையாத் தெரியும். 2009 சித்திரையில, கடைசிச் சண்டை நேரம், முல்லைத்தீவு வலைஞர்மடத்தில செல் விழுந்து காயப்பட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின்ர கப்பலில எங்களை ஏத்தி புல்மோட்டைக்குக் கொண்டுபோய் அங்கதான் ஒப்பரேசன் செய்தது. எடுக்கக்கூடினதை எல்லாம் எடுத்தவை, இந்தத் துண்டு நரம்புக்குக் கிட்டக் கிடக்கு, இதில கை வச்சா கால் வழங்காமப் போயிடும் எண்டு அப்பிடியே விட்டுட்டினம். அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு.

புண் ஆறிட்டுது, நோ போகேல்ல. இது அடிபட்ட நோ மாதிரி இல்லை. இடுப்பில துடங்கி தொடையின்ர பின்பக்கத்தால இறங்கி சின்னவிரல் மட்டும் எரிஞ்சுகொண்டு போகும், சில நேரம் கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு வெட்டு. பெட்சீற் காலில உரஞ்சினாலே பல்லைக் கடிப்பன். நான் தையல்தான் செய்யிறது, வீட்டிலயே மெசின் போட்டு. கால் மெசின் மிதிக்கேலாமப் போய்த்தான் கடன்பட்டு மோட்டர் பூட்டினது, அப்பவும் வலக்காலாலதான் பெடலை அமத்துவன், இடக்காலைப் பக்கத்தில ஒரு சின்ன வாங்கிலில நீட்டி வச்சிருப்பன்.

துடக்கத்தில டைக்குளோபெனாக் எண்ட நோக் குளிசைதான். வருசக்கணக்கா. அது வீக்கத்துக்குக் கேக்கும், நரம்பு நோவுக்குப் பெரிசாக் கேக்காது எண்டு அப்ப எனக்கு ஆர் சொன்னது, நொந்தா ஒண்டைப் போடுறது, இன்னும் நொந்தா இன்னொண்டு. 2013இல ஒருநாள் கோப்பிக்கொட்டை நிறத்தில சத்தி எடுத்து மயங்கி விழுந்து வாட்டில பத்து நாள் கிடந்தன், அந்தக் குளிசையால வயித்தில புண். அதுக்குப் பிறகுதான் கிளினிக்கில நரம்பு நோவுக்குக் குடுக்கிற பிரிகபலின் குளிசை எழுதத் துடங்கினவை. 75 மில்லிகிராம், காலமை ஒண்டு இரவு ஒண்டு. நோ முழுக்கப் போகேல்ல, ஆனா எரிவு பாதியாக் குறைஞ்சுது, இரவில அஞ்சு மணித்தியாலம் படுத்தெழும்ப முடிஞ்சுது. நாடு காசில்லாமப் பிரச்சினைப்பட்ட 2022இல ஆஸ்பத்திரியில மருந்தில்லை எண்டு மருந்துத் துண்டு எழுதித் தந்து வெளியில வாங்கச் சொல்லேக்க கூட, சாப்பாட்டில மிச்சம் பிடிச்சு வாங்கினனான். பத்து வருசத்துக்கு மேல, ஒருக்காக்கூட இரண்டை மூண்டாக்கேல்ல.

போன மாசம் கிளினிக். விடிய நாலரைக்கு எழும்பி முதல் பஸ்ஸில போய் நம்பர் எடுத்து பத்தே முக்காலுக்குத்தான் கூப்பிட்டது. எங்கட பழைய டொக்டர் மாறிப் போட்டார், புதுசா ஒருத்தர், வயசு என்னைவிடக் குறைவாத்தான் இருக்கும். அறைக்குள்ள ஒரே மேசைக்கு இரண்டு ஸ்டூல், ஒராளைப் பாக்கேக்க மற்ற ஆளும் பக்கத்தில இருக்கிறது. என்ர கிளினிக் கொப்பியைத் திறந்து கடைசிப் பக்கத்தை மட்டும் பாத்தார்.

"இதை எத்தினை வருசமாப் பாவிக்கிறீங்க? எம்.ஆர்.ஐ. ரிப்போட் எங்க?"

"எம்.ஆர்.ஐ. எடுக்கேலாது டொக்டர், உள்ளுக்கு செல் துண்டு கிடக்கு. காந்தத்துக்கு அது அசைஞ்சிடும் எண்டு சொன்னவை."

"ஸ்கான் இல்லாம நரம்பு நோ எண்டு எப்பிடி எழுதினது? இந்தக் குளிசையால இஞ்ச என்ன நடக்குதெண்டு தெரியுந்தானே. நான் எழுதமாட்டன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுக்க முதல் கேட்டார், "வீட்டில வேற ஆரும் போடுறதா? ஆருக்கும் குடுக்கிறேல்லையா?" குரலைக் குறைக்கவே இல்லை. பக்கத்து ஸ்டூலில இருந்தது எங்கட ஊர்ப் பிள்ளை, ஆறு மாசத்துக்கு முதல் அவளின்ர கலியாணச் சாரிக்கு பிளவுஸ் தைச்சுக் குடுத்தனான். அவள் சுவரில இருந்த டெங்குப் போஸ்டரைப் பாக்கத் துடங்கினாள். எனக்கு அந்த இடத்திலயே காது ரண்டும் சுட்டுது. டைக்குளோபெனாக்கும் வயித்துக்கு ஒமிப்பிரசோலும் எழுதிக் கொப்பியைத் தள்ளிப்போட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். 2013 பக்கம் அந்தக் கொப்பியிலதான் கிடக்கு. அவர் பிரட்டேல்ல. எனக்கும் அந்த நேரம் வாய் வரேல்ல.

அவர் பயப்பிடுறதில பிழை இல்லை, அதை நான் சொல்லத்தான் வேணும். இந்தக் குளிசையைப் பெடியள் கை நிறையப் போட்டு வெறிக்கிறாங்கள், கட்டுக்கட்டாப் பிடிபட்ட செய்தி வராத கிழமை இல்லை. எங்கட ஒழுங்கையிலயே ஒரு தாய் தன்ர பெடியனைத் தேடி இரவில லைற் அடிச்சுக்கொண்டு திரியிறா, எனக்கு மாமி முறை. ஒரு டொக்டர் யோசிச்சுத்தான் எழுதவேணும். ஆனா யோசிக்கிறதெண்டா கொப்பியை வாசிக்கிறதும் அதுக்குள்ளதானே வருது, காலைத் தொட்டுப் பாக்கிறதும் அதுக்குள்ளதானே. பத்து வருசம் போட்ட குளிசையை ஒரே நாளில நிப்பாட்டக் கூடாது, குறைஞ்சது ஒரு கிழமையாவது எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கவேணும் எண்டு அந்த மருந்துப் பெட்டிக்குள்ள வாற பேப்பரிலயே கிடக்கு. கன காலம் போட்டவைக்கு இன்னும் மெதுவா. தரமாட்டன் எண்டு முடிவெடுத்தாலும் எப்பிடிக் குறைக்கிறதெண்டு அவர் சொல்லியிருக்க வேணும்.

வீட்டில மிச்சம் மூண்டு கிடந்தது, அண்டைக்கும் அடுத்த நாளுமா முடிஞ்சுது. பிறகு நாலு நாள். முதல் இரவே நித்திரை இல்லை. இரண்டாம் நாள் வேர்வை, சட்டை பிழிஞ்செடுக்கலாம், கை நடுங்கி ஊசியில நூல் கோக்கேலாமப் போச்சு, ஒரு கழுத்துப் பட்டியை மூண்டு தரம் பிரிச்சன். வயித்தைப் பிரட்டி ஒண்டும் இறங்கேல்ல. காரணமே இல்லாம ஒரு பயம், நெஞ்சுக்குள்ள ஆரோ ஓடுற மாதிரி. அதுக்கு மேல அடக்கி வச்சிருந்த எரிவெல்லாம் சேந்து வந்துது. அம்மா மல்லித்தண்ணி அவிச்சுத் தந்துபோட்டு என்ர காலைத் தொடவும் ஏலாம தலைமாட்டில இருந்து விசிறிக்கொண்டே இருந்தா, கரண்ட் இருக்கு, ஃபான் ஓடுது, ஆனாலும் விசிறினா.

மூண்டாம் நாள் தெரிஞ்ச ஒராள் மெதுவாக் கேட்டா, டொக்டரின்ர துண்டில்லாம பிரிகபலின் எடுத்துத் தரலாம் வேணுமோ எண்டு. ஒண்டுக்குச் சொன்ன விலை நான் ஒரு பிளவுஸ் தைக்கிற கூலி. நான் வேண்டாம் எண்டு சொன்னது உண்மை, ஆனா அண்டிரவு முழுக்க அதையேதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான் எண்டதும் உண்மை. ஒரு நோயாளியை அந்த வாசலுக்குக் கொண்டுபோய் விடுறது ஆர் எண்டு அந்த டொக்டரிட்டக் கேக்கவேணும் போல இருந்துது.

அஞ்சாம் நாள் அம்மா ஓட்டோ பிடிச்சு எங்கட ஊர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனா. அங்க ஒரு வயசான பொம்பிளை டொக்டர். "பிள்ளை, கதிரையில காலைத் தூக்கி வை" எண்டு சொல்லிப்போட்டு ஒரு பஞ்சுத்துண்டை எடுத்து வலக்காலில தடவினா, பிறகு இடக்காலில. இடக்காலில பஞ்சு பட்டவுடன நான் துள்ளின துள்ளில மேசையில கிடந்த பேனை விழுந்துட்டுது. குத்தூசியால தொடையில தொட்டுத்தொட்டு எங்க மரத்திருக்கு எங்க எரியுது எண்டு கேட்டுக் கேட்டு ஒரு பேப்பரில காலைக் கீறிக் குறிச்சா. அவ்வளவுதான், பத்து நிமிசம். "நரம்பு நோவெண்டு சொல்ல இதுவே காணும் பிள்ளை, எம்.ஆர்.ஐ. இல்லாட்டிப் பரவாயில்லை" எண்டா. அதோட கொப்பியை முதல் பக்கத்தில இருந்து வாசிச்சு 2013க்கு வந்தவுடன கண்ணாடியைக் கழட்டி வச்சா. டைக்குளோபெனாக் துண்டை வாங்கிக் குறுக்கால வெட்டினா.

திரும்பவும் பிரிகபலின் எழுதினா, இரண்டு கிழமைக்கு மட்டும். அதோட இரவில அமிற்றிப்டிலின் 10 மில்லிகிராம். அது மனச்சோர்வுக்கு குடுக்கிற பழைய குளிசை, சின்ன அளவில நரம்பு நோவுக்கும் குடுக்கிறது, உனக்குப் பைத்தியம் எண்டு நினைச்சுத் தரேல்ல எண்டு அம்மாவுக்கும் சேத்து விளங்கப்படுத்தினா. வாய் காயும், விடிய கொஞ்சம் தூங்கி வழியும் எண்டும் சொன்னவ, அப்பிடித்தான் இருக்கு. ஒரே பாமசியில மட்டும் எடுக்கவேணும், குளிசை முடிஞ்ச வெறும் காட்டைக் கொண்டுவந்து காட்டவேணும், அமிற்றிப்டிலின் கேட்டா பிரிகபலினைப் பிறகு மெதுமெதுவாக் குறைச்சுப் பாப்பம் எண்டு கதைச்சா. என்னை நம்பி எண்ணிக் கணக்குப் பாக்கிறதில எனக்கு ஒரு குறையும் இல்லை, சந்தோசமாக் காட்டுவன்.

உங்களில ஆருக்கும் இப்பிடி நடந்தா அந்த இடத்திலயே இரண்டு கேள்வி கேளுங்கோ. நிப்பாட்டுறதெண்டா எத்தினை நாளில எப்பிடிக் குறைக்கிறது, அதுக்குப் பதிலா என்ன தாறீங்க. ஏன் தரேல்ல எண்டதைக் கொப்பியில எழுதித் தரச் சொல்லுங்கோ. ஆஸ்பத்திரியால வெளிக்கிடேக்க வருத்தத்தை எழுதித் தாற டயக்னோசிஸ் காட் எவ்வளவு பழசெண்டாலும் கொண்டுபோங்கோ, என்ர புல்மோட்டைக் காட் மழையில நனைஞ்சு மை ஊறிப்போய்த்தான் கிடக்கு, ஆனா காயப்பட்ட இடமும் திகதியும் இன்னும் வாசிக்கலாம். தனியப் போகாதீங்கோ. நோவோட இருக்கேக்க வாய் வராது.

வாற செவ்வாய் எனக்குத் திரும்பப் பெரிய கிளினிக். அதே டொக்டர் இருக்கக்கூடும். கொப்பிக்குள்ள மற்ற டொக்டரின்ர கடிதம் கிடக்கு, கால் கீறின பேப்பரும் மடிச்சு வச்சிருக்கு. 2013 பக்கத்தில ஒரு சிவப்பு நூல் வச்சிருக்கிறன், அவர் பிரட்டாட்டி நானே திறந்து மேசையில வைப்பன்.