பதின்மூன்றாவது செவ்வாய்

அம்மாவுக்குப் போன வருஷக் கடைசியில் கண் ஒப்பரேஷன். நல்லபடியாக முடிந்தால் பதின்மூன்று செவ்வாய் கொழும்பு கொச்சிக்கடையில் இருக்கிற உம்முடைய கோயிலுக்கு வருவேன் என்று புனித அந்தோனியாரிடம் நேர்ந்துவிட்டார். கண் தெளிந்துவிட்டது. ஆனால் முழங்கால் விடவில்லை. "எனக்காக நீ போ பிள்ளை" என்றார். அப்படித்தான் அம்மாவின் நேர்த்தி என் தலையில் வந்தது. போன செவ்வாயோடு பதின்மூன்றும் முடிந்தது. அந்தக் கடைசி நாளை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளவத்தையில் ரயில் ஏறும்போதே மழை. கோட்டையில் இறங்கினால் பஸ் நகரவே இல்லை, புறக்கோட்டை முழுக்கத் தண்ணீர். த்ரீவீல்காரர் ஒருவர் வழக்கத்தைவிட மூன்று மடங்கு கேட்டார். நேர்த்தி நாளில் பேரம் பேச மனம் வராமல் ஏறிவிட்டேன். கோயிலுக்குக் கிட்ட இறங்கியதும் மெழுகுதிரி விற்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் மாலையைக் கையில் திணித்துவிட்டு, வேண்டாம் என்றால் திரும்ப வாங்கவும் மறுக்கிறார். சனமென்றால் சொல்லி வேலையில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று இங்கே குண்டு வெடித்த பிறகு பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போகவேண்டும், அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் பூசை நடக்கும்போது போனைத் தலைக்கு மேலே தூக்கி வீடியோ எடுப்பவர்களைப் பார்க்க மனம் நோகிறது. எவ்வளவு கவலையோடு வந்தவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று யோசிக்கக்கூடாதா?

இந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக இருக்கமாட்டார்கள் என்று தோன்றும். பொட்டு வைத்தவர்கள், முக்காடு போட்டவர்கள், பன்சலைக்கு, அதுதான் புத்த கோயிலுக்கு, போய்விட்டு வந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் என்று எல்லாரும் ஒரே வரிசைதான். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே இடமில்லை. வியாபாரி வேஷத்தில் ஒளிந்து திரிந்த அந்தோனியோ அடிகளிடம், கடல் எங்கள் கரையைத் தின்கிறது, தடுத்துத் தாருங்கள் என்று மீனவர்கள் கேட்டார்களாம். அவர் சிலுவையை நட்டுச் செபிக்க, கடல் பின்வாங்கியதாம். ஒளிந்திருந்த மனிதனுக்கு அந்த இடத்திலேயே குடியிருக்க அனுமதி கிடைத்தது. 1822இல் கோவாவிலிருந்து சுரூபம் வந்தது, 1834இல் பெரிய கோயில் எழும்பியது. இதெல்லாம் சின்ன வயதில் அம்மா சொல்லித் தந்தவை.

நான் சொல்ல வந்தது வாசலில் இருக்கிற நாக்கைப் பற்றி.

அந்தோனியாரின் நாக்கின் சிறு துண்டு ஒன்று, வாசலுக்குக் கிட்டக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1231இல் பாதுவாவில் இறந்தவர் அவர். 1263இல் கல்லறையைத் திறந்தபோது உடம்பு மண்ணாகியிருக்க, கடவுளைப் பேசிய நாக்கு மட்டும் வாடாமல் இருந்தது. பன்னிரண்டு செவ்வாயும் அந்தப் பெட்டியைப் பார்க்காமல்தான் உள்ளே போனேன். அன்றைக்கென்று இல்லை, இருபத்தைந்து வருஷமாகவே அப்படித்தான்.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, அம்மா கொச்சிக்கடை நேர்த்திக்கென்று பால்மா டின்னில் சில்லறை சேர்த்து வைத்திருந்தார். சிநேகிதிகளோடு நுவரெலியா போவதற்காக அதிலிருந்து ஆயிரத்து நானூறு ரூபாய் எடுத்தேன். அம்மா டின்னை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, "எனக்குத் தெரியாது, அவளைக் கேளுங்கோ" என்று சொன்னேன். அவள் எங்கள் வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளை, ஹட்டன் பக்கம் தோட்டத்திலிருந்து வந்தவள். என்னைவிட மூன்று வயது இளையவள். செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவோடு கொச்சிக்கடைக்கு மெழுகுதிரி தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான். அந்தக் கிழமையே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறும்போது ஒரு சொல்லும் சொல்லவில்லை, என்னை மட்டும் பார்த்தாள்.

மூன்று வருஷத்துக்கு முதல் அவளைத் தேடிப் போனேன். காசையும் அதற்கு மேலும் கொடுத்து, காலில் விழாத குறையாகச் சொல்லி அழுதேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். "நான் அப்பவே அழுது முடிச்சிட்டேன் அக்கா, நீங்க இன்னுமா?" என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தார், ஆனால் அந்த விஷயத்தை எடுக்கவில்லை. குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனமும் செய்தேன். ஒரு தரம் இல்லை, கோயில் கோயிலாகப் போய் ஐந்து தரம் இதே பாவத்தைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் மன்னிப்புக் கிடைத்தது. வெளியே வந்து படி இறங்குமுன்னமே, இல்லை, இது போகாது என்று மனம் சொல்லும்.

பதின்மூன்றாவது செவ்வாயும் போய் முழங்காலில் இருந்தேன். வயதான ஃபாதர். நான் தொடங்கிச் சொல்ல, நடுவில் நிறுத்தினார்.

"இதை முந்தியும் சொல்லியிருக்கிறீங்களா?"

"ஓம் ஃபாதர். ஐந்து தரம்."

"அந்தப் பிள்ளைட்ட மன்னிப்புக் கேட்டீங்களா? காசு குடுத்தீங்களா?"

"குடுத்தேன் ஃபாதர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஊதாரி மகன் வழி முழுக்க ஒரு பேச்சுப் பாடமாக்கிக்கொண்டு வந்தான், ஞாபகமா? என்னை உங்கட கூலியாள்களில ஒருத்தனா வச்சுக்கொள்ளுங்கோ எண்டு கேக்க வந்தான். அதைச் சொல்லி முடிச்சானா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். தகப்பனின் சொத்தை அழித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற மகனைப் பற்றி இயேசு சொன்ன கதை, எத்தனை தரம் கேட்ட வாசகம்! அவன் சொல்லி முடிக்கவில்லை. நான் உம்முடைய மகன் எனப்படத் தகுதியற்றவன் என்றதும் தகப்பன் குறுக்கே விழுந்து, உடுப்பைக் கொண்டுவா, மோதிரத்தைப் போடு, செருப்பைப் போடு என்று வேலைக்காரரை ஏவத் தொடங்கிவிடுகிறார். கூலியாள் என்ற சொல் அவன் வாயிலேயே நின்றுவிட்டது.

"அப்பா கேட்க விரும்பாத பேச்சை நீங்கள் ஆறாந்தரமும் சொல்ல வந்திருக்கிறீங்கள் பிள்ளை. மன்னிச்ச பாவத்தைத் திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை. அவர் தந்திட்டார். நீங்கள்தான் கை நீட்டி வாங்கேல்ல."

பாவத்துக்காக மனம் வருந்திச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை. ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையாவது பரிகாரமாகத் தருவார் என்று நினைத்தேன். "வாசல்ல அந்தோனியாரின்ட நாக்கு இருக்குத்தானே. அதுக்கு முன்னால நின்று 'நன்றி அப்பா' எண்டு ஒருதரம் சொல்லுங்கோ. ஒருதரம் காணும்" என்றார்.

நாக்கை நான் பார்க்காமல் போகிறவள் என்று அவருக்குச் சொல்லவே இல்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

எழும்பி வரும்போது, தரையில் குண்டின் காயத்தை மூடாமல் கண்ணாடி போட்டு வைத்திருக்கிற இடத்தைக் கடந்தேன். குண்டு வைத்தவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் 2020 உயிர்ப்புப் பெருவிழாவில் சொன்னார், நீதியை இன்றுவரை கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். காயத்தை மறைக்காமலே மன்னிக்கலாம் என்று அந்தக் கண்ணாடியைத் தாண்டித்தான் எனக்கு விளங்கியது. அப்படியென்றால் என் காயம் தெரிந்துகொண்டே கடவுள் என்னை மகளே என்கிறார்.

வாசலில் ஒரே தள்ளுப்பாடு. பெட்டியின் கண்ணாடி முழுக்க விரல் அடையாளம், எண்ணெய்ப் பிசுக்கு, யாரோ முத்தமிட்ட தடம். எனக்கு முன்னால் பொட்டு வைத்த ஒரு தாய், லேஞ்சியால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு இடுப்பிலிருந்த பிள்ளையின் வாயில் ஒற்றினாள். நாலு வயதிருக்கும், இன்னும் பேச்சு வரவில்லையாம். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் பிள்ளைக்கா?" என்றாள்.

"இல்லை, எனக்குத்தான்."

ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்சம் விலகி இடம் விட்டாள். அந்தச் சனத்துக்குள்ளே அந்த ஒரு முழ இடம்! கண்ணாடியில் கை வைத்தேன், மழையில் குளிர்ந்து கிடந்தது. பொய் சொன்ன நாக்கால், "நன்றி அப்பா" என்றேன். பின்னால் நின்றவர் "இஸ்ஸரஹட்ட யன்ன", முன்னுக்குப் போங்கள், என்று சிங்களத்தில் சொல்லித் தள்ளும்வரை வேறொன்றும் சொல்லவில்லை. நன்றி ஆண்டவரே, நன்றி அந்தோனியாரே, இத்தனை வருஷம் நான் பார்க்காமல் போனபோதெல்லாம் அந்த வாசலிலேயே இருந்ததற்கு நன்றி. அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டும், வாசிக்கிறவர்கள் ஒரு செபம் சொல்லுங்கள். மெழுகுதிரி மூன்று கொளுத்தினேன். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று ஹட்டனில் இருக்கிறவளுக்கு, ஒன்று அந்தச் சின்னவனுக்கு. எனக்கென்று கொளுத்த மறந்தே போனேன்.

வீட்டுக்கு வர ஏழரை. உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. "பதின்மூன்றும் முடிஞ்சுதா?" என்று அம்மா கேட்டார். முடிந்தது என்றேன். கோயிலில் கிடைத்த பூவை வாங்கிச் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, மெல்ல நடந்து போய் அந்தப் பழைய பால்மா டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். மூடி துருப்பிடித்துவிட்டது. உள்ளே கொஞ்சச் சில்லறை கிடந்தது.

"இனி இதை உன்ர அறையில வச்சிரு. மேல் தட்டு எனக்கு எட்டுதில்ல."