கை நடுங்கினால் நடுங்கட்டும்

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கையெழுத்து வராது. வங்கி கவுன்ட்டரில் பேனாவை எடுத்தாலே கை நடுங்கும். கல்யாணப் பந்தியில் எதிரே ஆள் இருந்தால் சோறு இறங்காது. "கூச்ச சுபாவம், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார்கள் வீட்டில். கல்யாணமும் ஆயிற்று. நடுக்கம் போகவில்லை.

டாக்டரைப் பார்க்க போன் செய்து நேரம் வாங்க வேண்டும். எனக்கோ போன் பேசவே பயம்! சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு 14416-ஐ அழைத்தேன். டெலி மானஸ் என்று 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசிச் சேவை, தமிழிலேயே பேசலாம். பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே முதலில் தைராய்டு பரிசோதனை எடுத்தார்கள். அதனாலும் கை நடுங்குமாம். அதில் கோளாறு இல்லை. பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை தந்தார்கள். ஆரம்பத்தில் குமட்டல்தான் மிச்சம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின.

என்னை உண்மையில் மாற்றியது உளவியலாளரின் ஒரு கேள்வி: "நடுக்கத்தை மறைக்க என்னவெல்லாம் செய்வீங்க?" டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பேன், பேனாவை இறுக்குவேன், வேகமாக எழுதி முடிப்பேன். இறுக்க இறுக்கத்தான் நடுக்கம் கூடும் என்று செய்து காட்டினார். கவனமெல்லாம் என் கையிலேயே இருந்ததால், எதிரில் இருப்பவர் என்னைப் பார்க்கிறாரா என்றுகூட நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போடும்போது போனில் வீடியோ எடுத்தோம். பூகம்பம் மாதிரி ஆடும் என்று நினைத்த கை, லேசாகத்தான் ஆடியது. அப்புறம் பயங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, சின்னதிலிருந்து தொடங்கினோம். டீக்கடையில் ஒரே கையால் கிளாஸைப் பிடிப்பது, கேன்டீனில் வேண்டுமென்றே தண்ணீரைச் சிந்துவது என்று. தண்ணீர் சிந்தியபோது யாரும் திரும்பவில்லை. துடைக்க வந்த அக்கா மட்டும் "காலைத் தூக்கும்மா" என்றார்.

பிறகு ஒரு பந்தியில், என் கையை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனித்தேன். எதிரே இருந்தவர் இரண்டாவது தடவை பாயசம் வருமா என்று வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. டாக்டர்தான் மெல்லக் குறைத்துவருகிறார். எங்கேயாவது பேசிவிட்டு வந்தால், சொன்னதையெல்லாம் இரவில் திரும்ப ஓட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. பட்டியலில் மேடைப் பேச்சுக்கு 100 போட்டிருந்தேன். அதை நான் தொடப்போவதில்லை. என் வேலைக்கு அது தேவையும் இல்லை.