நியூயார்க்கின் ஐரிஷ் பப்கள்: பிற்பகலில் போய்ப் பாருங்கள்

மார்ச் 17 அன்று மட்டும் நியூயார்க்கின் ஐரிஷ் பப் ஒன்றுக்குள் நுழைந்து வந்தவர்கள், அந்தப் பப்பைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அயர்லாந்தின் காவல் புனிதரைக் கொண்டாடும் அந்தச் செயின்ட் பேட்ரிக் நாளின் ஊர்வலம் இந்த நகரத்தில் 1762-இல் தொடங்கியது. அமெரிக்கா விடுதலை பெறுவதற்கும் முந்தைய வழக்கம் அது. அதன் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் பச்சைத் தொப்பி அணிந்த கூட்டம் தெருமுனை வரை வரிசை கட்டி நிற்கும் அந்த நாளில், கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. ஐரிஷ் பப்பின் உயிரோ, அவர் உங்களை ஏறிட்டுப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஆகவே, மதிய உணவுக்கு வந்தவர்கள் கலைந்து, அலுவலகங்கள் விடுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும் வாரநாள் பிற்பகலில் போகும்படி, கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

கிழக்கு 7-ஆம் தெருவில் உள்ள மெக்சோர்லிஸ் ஓல்டு ஏல் ஹவுஸ் என்னும் இடத்துக்கு இந்த அறிவுரை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொருந்தும். இரவில் அங்கே காதைப் பிளக்கும் சத்தம். பிற்பகலிலோ ஜன்னல் வழியே விழும் வெயிலில், தரையில் பரப்பிய மரத்தூளும் பல தலைமுறைகளின் முழங்கைகள் தேய்த்த மேசைகளும் தெளிவாகத் தெரியும். பஞ்சக் காலத்தில் அயர்லாந்தின் டிரோன் கவுண்டியில் (மாவட்டத்தில்) இருந்து கப்பலேறி வந்த ஜான் மெக்சோர்லி 1854-இல் இதைத் தொடங்கினார் என்று கடையின் முகப்பே சொல்கிறது. அந்த ஆண்டைப் பற்றி வரலாற்று ஆர்வலர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தாலும், நகரத்தின் மிகப் பழைய ஐரிஷ் மதுக்கூடங்களில் ஒன்று இது என்பதை யாரும் மறுப்பதில்லை. இங்கே கிடைக்கும் ஏல் என்னும் பீர் இரண்டே வகை: வெளிறியது, கறுத்தது. எதைக் கேட்டாலும் இரண்டு சிறு குவளைகளாகத்தான் மேசைக்கு வரும். பரிமாறுபவர் இரண்டு கைகளிலும் கொத்தாக அள்ளிக்கொண்டு வந்து, ஒரு துளி சிந்தாமல் மேசையில் இறக்கிவைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கூடவே ஒரு தட்டு வாங்கினால் செடார் சீஸ், வட்டமாக அரிந்த பச்சை வெங்காயம், உப்பு பிஸ்கட் ஆகியவை வரும். மேசையில் இருக்கும் மஸ்டர்டைத் தொட்டால் மூக்கு வரை காரம் ஏறும். ஏலுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரிந்து இல்லை.

கவுண்டருக்கு மேலே ஒரு பழைய விளக்குக் கம்பியில் வான்கோழியின் நெஞ்சிலுள்ள கவட்டை வடிவ எலும்புகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட இளைஞர்கள் விருந்துண்டு அவற்றை மாட்டிவிட்டுப் போனார்கள் என்றும், உயிரோடு திரும்பியவர்கள் தத்தம் எலும்பைக் கழற்றிக்கொண்டார்கள் என்றும், மீதி நின்றவை திரும்பாதவர்களுடையவை என்றும் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் அவற்றின் மேல் தூசி திரண்டு கிடந்தது. 2011-இல் நகரச் சுகாதார ஆய்வு காரணமாக அதைத் துடைக்க வேண்டிய நிலை வந்தபோது, அப்போதைய உரிமையாளர் மேத்யூ மேஹர் அந்த வேலையை ஊழியர்களிடம் கொடுக்காமல் தாமே செய்தார். கடை நடத்துபவருக்குக் கடையின் மீது இருக்க வேண்டிய கடப்பாடு இது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இதே கடை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்களை உள்ளே விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்களுக்கு இடமில்லை என்பதைத் தன் பெருமையாகவே அது சொல்லிக்கொண்டிருந்தது. ஃபெய்த் சைடன்பெர்க், கேரன் டிக்ரோ என்னும் இரு பெண்கள் வழக்குத் தொடுத்து 1970-இல் சாதகமான தீர்ப்புப் பெற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகரமும் பொது இடங்களில் இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்தது. கதவு திறந்த பிறகும், பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை கட்டப்பட 1986 வரை ஆயிற்று. மேஹரின் மகள் 1994-இல் கவுண்டருக்குப் பின்னால் நின்று பணிபுரியத் தொடங்கினார். பழமையைப் போற்றும்போது அந்தப் பழமை யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்பது, அங்கே அமர்ந்து குடிப்பவரின் கடமை என்று கருதுகிறேன்.

இத்தகைய கடைகள் ஏன் இந்த நகரத்தில் இவ்வளவு பெருகின என்பதற்குக் காரணம் அயர்லாந்தில் இருக்கிறது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய கருகல் நோயினால் வந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். 1850-களில் நியூயார்க் மக்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். கப்பலில் இருந்து ஒரு மூட்டையோடு இறங்கி வந்தவனுக்கு, எங்கே ஆள் எடுக்கிறார்கள், எந்த வீட்டில் படுக்க இடம் கிடைக்கும், தன் ஊரில் இருந்து யார் கடிதம் கொண்டுவந்திருக்கிறார் என்பதையெல்லாம் சொல்லக்கூடிய ஒரே இடம் தெருமுனை மதுக்கூடம்தான். டம்மனி ஹால் என்னும் அரசியல் அமைப்பு ஓட்டுகளைத் திரட்டியதும் அங்கேதான். கடைக்காரரே பல வேளைகளில் வட்டாரத் தலைவராகவும் இருந்தார். அதில் ஊழலும் இருந்தது, ஆதரவும் இருந்தது.

மூன்றாம் அவென்யூவின் மேல் ஓடிய உயர்மட்ட ரயில்பாதையின் நிழலில் இத்தகைய கடைகள் அடுத்தடுத்து இருந்தன. 1955-இல் மன்ஹாட்டனில் அந்தப் பாதை மூடப்பட்டுப் பிரிக்கப்பட, வெளிச்சம் வந்தது. நில விலையும் ஏறியது. 55-ஆம் தெரு முனையில் நிற்கும் பி.ஜே. கிளார்க்ஸ் என்னும் பப்பின் சின்னஞ்சிறு செங்கல் கட்டடமும், அதன் முதுகை ஒட்டி எழுந்துள்ள கண்ணாடிக் கோபுரமும் அந்த மாற்றத்தை ஒரே பார்வையில் காட்டிவிடும்.

இனி, அயர்லாந்தின் கறுப்பு பீரான கின்னஸை ஊற்றும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரு பப்பை எடைபோட நான் முதலில் பார்ப்பது அதைத்தான். குவளையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, குழாயின் மூக்கு பானத்தில் படாதபடி முக்கால் பங்குக்கு ஊற்றி, கவுண்டரில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். பழுப்பு நிறக் குமிழிகள் கண்ணாடியின் ஓரமாகக் கீழ்நோக்கி இறங்குவது போல் தெரியும். உண்மையில் நடுவில் குமிழிகள் வேகமாக மேலெழ, அந்தச் சுழற்சியில் ஓரத்தில் உள்ள பானம் கீழே இறங்கும்போது சிறு குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. இந்தக் குமிழிகள் அவ்வளவு நுண்மையாக இருப்பதற்குக் காரணம் நைட்ரஜன். கணிதம் படித்த மைக்கேல் ஆஷ் என்பவர் கின்னஸ் நிறுவனத்தில் இருந்து உருவாக்கிய முறை அது. 1959-இல் நடைமுறைக்கு வந்தது. கறுப்பும் நுரையும் தெளிவாகப் பிரிந்த பிறகு, குழாயின் கைப்பிடியை எதிர்ப்பக்கம் தள்ளி மீதியை நிரப்பினால், நுரை விளிம்புக்குச் சற்று மேலே குவிந்து நிற்கும். மொத்தம் இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்தில் பார்டெண்டர் என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம். அவசரப்பட்டு ஒரே மூச்சில் நிரப்பிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அங்கே நான் மறுபடி போவதில்லை. நல்ல கடையில் அவர் உங்கள் பக்கம் திரும்பி, வெளியே இன்னும் மழையா என்று ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்ல விருப்பம் இருந்தால் பேச்சு வளரும். இல்லை என்றால் அதையும் அவர் புரிந்துகொண்டு, செய்தித்தாளை உங்கள் பக்கம் தள்ளிவிட்டுக் குவளை துடைக்கப் போய்விடுவார். தனியாக வந்தவரைத் தனியாக இருக்கவிடவும், தனிமை பாரமாகும்போது துணையாக இருக்கவும் தெரிந்த தொழில் அது. மூன்றாவது அல்லது நான்காவது குவளையை நெருங்கும்போது, அவர் கவுண்டரை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டி, இது கடையின் கணக்கு என்று சொல்வதுண்டு. பைபேக் என்று பெயர் பெற்ற இந்த வழக்கம் நியூயார்க்கின் பழைய பார்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது நாகரிகம் அன்று. கிடைத்தால் டிப்ஸைத் தாராளமாக வைப்பதே முறை.

1990-களில் டப்ளினில் இருந்த ஒரு நிறுவனம், கின்னஸின் துணையோடு, ஐரிஷ் பப்களின் உள்ளமைப்பு முழுவதையும் செய்து கண்டெய்னர்களில் ஏற்றி உலகெங்கும் அனுப்பத் தொடங்கியது. பழங்காலக் கடைப் பலகை, மளிகை டப்பாக்கள், சைக்கிள் எல்லாம் அதில் அடங்கும். அவற்றைப் போலி என்று ஒரேயடியாக ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. மரவேலை திறமான வேலைதான். சிறு சிறு தடுப்பறைகளாகப் பிரித்த அமைப்பு பேச்சுக்கு ஏற்றதுதான். அந்த அறையை நடத்தத் தெரிந்தவர் இருந்தால் பத்தே ஆண்டில் அது உண்மையான பப் ஆகிவிடும். பெல்ஃபாஸ்டில் இருந்து வந்த இருவர் 2013-இல் வாட்டர் தெருவில் தொடங்கிய டெட் ராபிட்டும் புதிய கடைதான். 2016-இல் உலகின் மிகச் சிறந்த பார் என்று தேர்வு பெற்றது. அங்கே விஸ்கி கலந்த ஐரிஷ் காபியை மட்டும் தவறவிடாதீர்கள்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவை மன்ஹாட்டனில் இல்லை. கிராண்ட் சென்ட்ரலில் இருந்து மெட்ரோ-நார்த் ரயிலில் அரைமணி நேரம் போனால் பிராங்க்ஸின் வடகோடியில் வுட்லான் வரும். அங்குள்ள கட்டோனா அவென்யூவில் நடந்தால், அயர்லாந்துத் தேயிலையும் டேட்டோ சிப்ஸும் விற்கும் கடைகளுக்கு நடுவே பப்கள் அடுத்தடுத்து நிற்கும். 1980-களில் அயர்லாந்தில் வேலையின்மை 17 விழுக்காட்டைத் தொட்டபோது வந்து குவிந்த இளைஞர்கள் பலர், உரிய ஆவணம் இல்லாமல் கட்டட வேலையிலும் குழந்தை பராமரிப்பிலும் காலம் தள்ளினார்கள். அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் மூன்று ஆண்டுகளில் 48,000 விசாக்களை அயர்லாந்துக்கு ஒதுக்கிய பிறகே அவர்களில் பலருக்கு மூச்சு வந்தது. அதுவரை அவர்களுக்கு வேலையும் வாடகை அறையும் பிடித்துக்கொடுத்தவை இந்தப் பப்கள்தாம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் தெருமுனைக் கடை செய்த அதே வேலை.

கோடைக்கால ஞாயிறுகளில் மட்டும் என் பிற்பகல் விதியைத் தளர்த்தி, அங்கே காலையில் போவேன். டப்ளினில் மூன்றரை மணிக்குத் தொடங்கும் அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளான ஹர்லிங் அல்லது கேலிக் கால்பந்து ஆட்டம் இங்கே பத்தரை மணிக்கு ஒளிபரப்பாகும். தத்தம் கவுண்டியின் நிறச் சட்டை அணிந்த குடும்பங்கள், தட்டு நிறைய காலை உணவும் பெரிய கோப்பையில் பால் ஊற்றிய தேநீருமாக உட்கார்ந்திருக்கும். இரத்தம் சேர்த்துச் செய்யும் தொத்திறைச்சியான கறுப்புப் புட்டிங் துண்டின் ஓரம் மொறுமொறுவென்று கருகியிருக்க வேண்டும் என்பதில் பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் காட்டிய கண்டிப்பை நான் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டேன். 1947-இல் அனைத்து அயர்லாந்துக் கால்பந்து இறுதியாட்டமே இந்த நகரத்தின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடந்ததையும், கேவன் அணி கெர்ரியை வென்றதையும் அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். அவர் கேவன்காரர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பப் இசை என்றதும் மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வரலாம். மரபிசைக் கூடுகையில் அவை இரண்டும் இருக்காது. ஒரு மேசையைச் சுற்றி வயலின், புல்லாங்குழல், கையடக்கத் துருத்தி வாத்தியமான கான்சர்ட்டினா, ஒருமுகத் தோல்வாத்தியமான பவ்ரான் ஆகியவற்றோடு வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்து, மெட்டுக்கு மெட்டு நிறுத்தாமல் தாவிக்கொண்டே போவார்கள். அவர்கள் வாசிப்பது முதலில் தங்களுக்காக. கேட்பவர்கள் அருகில் அமரலாம். ஆனால் வாசிப்பவர்களுக்கான இருக்கையில் உட்காரக் கூடாது, கைதட்டித் தாளம் போடவும் கூடாது. இந்த மரபுக்கு நியூயார்க் பட்ட கடன் ஒருபுறம் இருக்க, மரபு நியூயார்க்குக்குப் பட்ட கடனும் உண்டு. அயர்லாந்தின் ஸ்லைகோவில் இருந்து 1914-இல் இங்கே வந்த வயலின் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1920-களில் பதிவுசெய்த இசைத்தட்டுகள் கடல் கடந்து திரும்பிப் போய், அயர்லாந்தின் கிராமங்களிலேயே வயலின் வாசிக்கும் விதத்தை மாற்றிவிட்டன.

2020-இல் மூடப்பட்ட கூகன்ஸ் இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. வாஷிங்டன் ஹைட்ஸில் 1985-இல் தொடங்கிய அந்தக் கடை, டொமினிக்கன் மக்கள் நிறைந்த வட்டாரத்தில் நின்ற ஐரிஷ் பப். மருத்துவர்களும் போலீஸாரும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டார்கள். அதன் பெயரில் நடந்த ஓட்டப் பந்தயத்தின் பெயரிலேயே சால்சாவும் ப்ளூஸும் அயர்லாந்தின் சின்னமான ஷாம்ராக் இலையும் சேர்ந்து இருந்தன. 2018-இல் வாடகை உயர்வால் மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் வட்டாரமே திரண்டு கையெழுத்திட்டு அதைக் காப்பாற்றியது. பெருந்தொற்று வந்தபோது அது தாக்குப்பிடிக்கவில்லை. தங்கள் மூதாதையர் செய்ததை, தங்களுக்குப் பின் வந்த இன்னொரு குடியேறிய மக்களுக்காக அந்த உரிமையாளர்கள் செய்தார்கள். ஒரு பப் செய்யக்கூடியதில் அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

முதல்முறை போகிறவர்கள் பட்டியல் போட்டுக்கொண்டு ஒரே நாளில் ஐந்தாறு கடைகளைத் தொட்டுவிட முயல வேண்டாம். ஒரு பிற்பகலுக்கு ஒரு கடை போதும். மெக்சோர்லிஸில் தொடங்குங்கள், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம் வுட்லானுக்கு ரயிலேறுங்கள். அங்கே எந்தக் கடை என்று என்னைக் கேட்காதீர்கள்; கட்டோனா அவென்யூவை ஒருமுறை முழுவதுமாக நடந்துவிட்டு, உள்ளே ஆட்கள் திரும்பிப் பார்த்துத் தலையசைக்கும் கடைக்குள் போய் உட்காருங்கள்.