கிளவுட்லேப்ல என் பேக்கெட் எந்த வழியா போச்சு

கிளவுட்லேப்ல புதுசா எக்ஸ்பெரிமெண்ட் போடப் போறவங்களுக்காக இத எழுதுறேன், எனக்கு வீணா போன ஒரு வாரம் உங்களுக்காச்சும் மிஞ்சட்டும். கிளவுட்லேப்னா, அமெரிக்காவுல யூட்டா, விஸ்கான்சின், கிளெம்சன்னு மூணு பல்கலைக்கழகத்துல இருக்குற மெஷின்கள ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரும் பங்கு போட்டு யூஸ் பண்றோம், காசு கிடையாது.

நெட்ல டேட்டாவ கொண்டு போற டிசிபில, எவ்ளோ வேகமா அனுப்பலாம்னு முடிவு பண்ற ரெண்டு அல்காரிதம் இருக்கு, கியூபிக், பிபிஆர்னு. அந்த ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும், அதான் என் வேலை. மொதல்ல யூட்டாக்குள்ளயே ரெண்டு நோட் (அதாவது மெஷின்) எடுத்து, என்ன மெஷின், என்ன லிங்க் வேணும்னு எழுதிக் குடுக்குற ப்ரொஃபைல்ல நடுவுல இருக்குற லிங்க்க 100 எம்பிபிஎஸ்னு எழுதிட்டு, வேகத்த அளக்குற ஐபெர்ஃப்3 ஓட்டினேன். கியூபிக், பிபிஆர் ரெண்டுக்குமே 940 எம்பிபிஎஸ் கிட்ட வருது! 100க்கு மேல போகவே கூடாதே. கெர்னல், ஸ்கிரிப்ட், லிங்க் செட்டிங்னு அஞ்சாறு நாள் தேடினேன், கடைசில போற வர பேக்கெட்ட காட்டுற டிசிபிடம்ப, நான் கேட்ட அந்த 100 எம்பிபிஎஸ் லிங்க் இருக்குற எக்ஸ்பெரிமெண்ட் இன்டர்ஃபேஸ்ல வெச்சுப் பாத்தா ஒரு பேக்கெட் கூட அந்தப் பக்கம் வரல. ஐபெர்ஃப்3க்கு நோடோட முழு ஹோஸ்ட்நேம குடுத்திருந்தேன், அது கன்ட்ரோல் நெட்வொர்க் ஐபிக்குப் போகும், அதாவது எல்லாரும் எஸ்எஸ்எச்ல லாகின் பண்ற 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வழி. நம்பர் தப்பானது ஒரு பக்கம்னா, மத்தவங்க லாகின் பண்ற ரோட்டுல அத்தன டிராஃபிக்க கொட்டிட்டேனேன்னு ரொம்ப சங்கடமா போச்சு, அப்படி பண்றது ரூல்ஸ்படியும் தப்பு. அதுக்கு பதிலா எக்ஸ்பெரிமெண்ட் லிங்க்கோட, 10.10னு ஆரம்பிக்கிற ஐபிய குடுத்ததும் 95 பக்கம் வந்து நின்னுச்சு. இப்பல்லாம் எதையும் அளக்குறதுக்கு முன்னாடி பேக்கெட் எந்த வழியா போகும்னு காட்டுற ஐபி ரூட் கெட் கமாண்ட அடிச்சுப் பாத்துடுவேன்.

அப்புறம் தான் யூட்டா டு கிளெம்சன் போனேன். ரெண்டு சைட்டுக்கு நடுவுல மத்தவங்க டிராஃபிக்கும் ஓடும், அதனால காலைல பூரா கியூபிக், சாயங்காலம் பூரா பிபிஆர்னு ஓட்டினா வித்தியாசம் அல்காரிதத்தாலயா நேரத்தாலயான்னு பிரிக்கவே முடியாது. ஒரு நிமிஷம் இது ஒரு நிமிஷம் அதுன்னு மாத்தி மாத்தி, வரிசையையும் கலைச்சுப் போட்டு ஓட்டினேன். எந்த மாடல் மெஷின் வேணும்னு நோட் டைப்பையும் ப்ரொஃபைல்ல எழுதிடுங்க, இல்லன்னா நாளைக்கு வேற சிபியு வந்து நிக்கும்.

ஒரு எக்ஸ்பெரிமெண்டுக்கு டீஃபால்ட்டா 16 மணி நேரம் தான் குடுப்பாங்க, நேரம் முடிஞ்சா டிஸ்க்குல இருக்குறதும் போயிரும். அதனால ஒவ்வொரு ரன் முடிஞ்சதும் லாக்க என் லேப்டாப்புக்கு இழுத்துக்குற மாதிரி ஸ்கிரிப்ட்லயே போட்டுட்டேன். நேரம் மிச்சம் இருந்தாலும் வேல முடிஞ்சதும் டெர்மினேட் பண்ணிடுங்க, பேப்பர் டெட்லைன் நேரத்துல அந்த ரெண்டு நோடுக்காக யாரோ ஒருத்தர் காத்துட்டு இருப்பாங்க.